அறிவார்ந்த வடிவமைப்பைச் சோதித்துப் பார்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவார்ந்த வடிவமைப்பு என்பவர்கள் சொல்வதுதான் என்ன?

உயிர்களின் சில உறுப்புகளும் செல்லுக்குள் இருக்கும் சில பொறிகளும், சடுதிமாற்றமும் (மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம்) இயற்கைத் தேர்வும் சேர்ந்து உண்டாக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை. அறிவுள்ள ஏதோ ஒன்று திட்டமிட்டு அமைத்ததால்தான் அவை வந்தன. இதுதான் வாதம்.

வேர் பழையது. வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்றுதானே நினைப்போம் என்று 1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கேட்டார். இன்றைய வடிவம் 1990-களில் அமெரிக்காவில் உருவானது. லீஹை பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலர் மைக்கேல் பிஹி 1996-இல் ‘குறைக்க முடியாத சிக்கல்தன்மை’ என்ற கருத்தை முன்வைத்தார். வில்லியம் டெம்ப்ஸ்கி 1998-இல் நிகழ்தகவுக் கணக்கோடு வந்தார். சியாட்டில் நகரத்து டிஸ்கவரி இன்ஸ்டிடியூட் இவர்களுக்கு இருப்பிடமாக இருந்தது.

பலர் கவனிக்காத ஒன்று: உலகம் 6,000 ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்பவர்களோடு பிஹியைச் சேர்த்துவிடக் கூடாது. உயிர்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதை அவர் ஏற்கிறார். மாற்றங்கள் தாமாக நேர்ந்தவையா, வழிநடத்தப்பட்டவையா என்பதே அவருடைய கேள்வி.

சோதிக்க முடியுமா, முடியாதா? நேராகச் சொல்லுங்கள்.

இதற்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தால்தான் பதில் கிடைக்கும்.

‘இன்ன அமைப்பு படிப்படியாக வந்திருக்கவே முடியாது’ என்பது முதல் கூற்று. இதைச் சோதிக்கலாம். சோதித்தும் இருக்கிறார்கள். சோதனைக்கு வந்த முக்கியமான வடிவங்கள் தாக்குப்பிடிக்கவில்லை.

‘யாரென்று சொல்லாத ஒருவர், எப்போதென்று சொல்லாத ஒரு காலத்தில், எப்படியென்று சொல்லாத ஒரு வழியில் இதை அமைத்தார்’ என்பது இரண்டாவது. இதைச் சோதிக்க வழியில்லை. எதைக் கண்டாலும் ‘அவர் அப்படித்தான் செய்ய நினைத்தார்’ என்று சொல்லிவிடலாம். எதையும் மறுக்காத கூற்றைச் சான்றால் தொட முடியாது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது இரு தரப்பிலும் நடக்கிறது. ‘வடிவமைப்பு வாதம் சோதிக்க முடியாதது’ என்று ஒரு மூச்சிலும் ‘சோதித்துத் தவறென்று காட்டியாயிற்று’ என்று மறு மூச்சிலும் சொல்லும் அறிவியல் ஆதரவாளர்கள் உண்டு. ஒரே கூற்றைப் பற்றி இரண்டையும் சொல்ல முடியாது. 1982-இல் படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிப்பது பற்றிய ஆர்கன்சாஸ் மாநில வழக்கு முடிந்தபோதே தத்துவவாதி லாரி லாடன் இதைச் சுட்டிக்காட்டினார்.

ஒரு நல்ல சோதனை எப்படி இருக்கும்?

‘என் கருத்து சரியென்றால் இதைப் பார்க்கவே கூடாது’ என்று, பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வடிவமைப்பு வாதத்துக்கு மிக நெருங்கிய ஒரு கேள்வியிலேயே இதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. 1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த சோதனை அது.

பாக்டீரியாவை வைரஸோடு சேர்த்துத் தட்டில் பரப்பினால் பெரும்பாலானவை செத்து, சில பிழைத்து வளரும். அவற்றைக் காப்பாற்றிய மாற்றம் எப்போது வந்தது? வைரஸைச் சந்தித்த பிறகு தேவைக்கு ஏற்ப வந்ததா? அல்லது வைரஸ் கண்ணில் படுவதற்கு முன்பே, தேவையைப் பற்றிய சேதி எதுவும் இல்லாமல், தற்செயலாக வந்திருந்ததா?

அவர்கள் 0.2 மில்லி கொண்ட 20 சிறு குழாய்களில் பாக்டீரியாவைத் தனித்தனியாக வளர்த்தார்கள். பக்கத்தில் ஒரே பெரிய குடுவையிலும் வளர்த்து, அதிலிருந்து 10 மாதிரிகள் எடுத்தார்கள். எல்லாவற்றையும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பிப் பிழைத்த கூட்டங்களை எண்ணினார்கள். தேவைக்கேற்ப மாற்றம் வருமானால், ஒவ்வொரு செல்லுக்கும் அதே சிறு வாய்ப்பு. எனவே தனிக் குழாய்களின் எண்ணிக்கையும் பெரிய குடுவை மாதிரிகளின் எண்ணிக்கையும் ஒரே மாதிரி சீராக இருக்க வேண்டும். முன்கூட்டியே தற்செயலாக வருமானால் கதை வேறு. ஒரு குழாயில் மாற்றம் ஆரம்பத்திலேயே வந்தால் அதன் சந்ததி பெருகி எண்ணிக்கை எகிறும். கடைசியில் வந்தால் ஒன்றோ இரண்டோதான். வராமலே போனால் சுழியம்.

பெரிய குடுவை மாதிரிகள் 13 முதல் 26 வரை சீராக வந்தன. தனிக் குழாய்களிலோ பதினொன்றில் சுழியம். சிலவற்றில் 1, 3, 5, 6. ஒன்றில் 35, ஒன்றில் 64, ஒன்றில் 107. தேவைக்கேற்ற மாற்றம் என்ற கருத்து அந்த இடத்தில் விழுந்தது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது பெரிய குடுவைதான். அது இல்லாமல் 107 என்ற எண்ணைக் கண்டால், பரப்பும்போது கை நடுங்கியது, தட்டு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அதே கை அதே தட்டுகளில் 13-க்கும் 26-க்கும் இடையில் எண்ணியதால் அந்த வழி அடைபட்டது. வழிநடத்தும் கை ஒன்று உண்டு என்பவர்கள் இப்படி ஒரு கணிப்பை எழுதித் தந்தால் சோதிக்கத் தடையே இல்லை.

‘குறைக்க முடியாத சிக்கல்தன்மை’யை எப்படிச் சோதிப்பது?

பிஹி எலிப்பொறியை எடுத்துக்காட்டினார். பலகை, வில், சுத்தி, கொக்கி, தாங்குகம்பி ஆகியவற்றில் ஒன்றை எடுத்தாலும் எலி பிடிபடாது. செல்லிலும் இப்படி அமைப்புகள் உண்டு. ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தால் போதும். அமைப்பு நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். இந்தப் பாதி சோதிக்கக்கூடியது. உண்மையும்கூட.

பிசகுவது அடுத்த அடியில். ‘இன்று ஒன்றை எடுத்தால் விழும், எனவே ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்திருக்க முடியாது’ என்பது பின்தொடரவில்லை. கல் வளைவு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டி முடித்த வளைவில் ஒரு கல்லை உருவினால் முழுதும் சரியும். ஆனால் கட்டும்போது கீழே சாரம் இருந்தது. பிறகு அதைப் பிரித்துவிட்டார்கள். உயிர்களில் சாரம் பிரிவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு பாகம் முதலில் வெறும் உபரி உதவியாக இருந்து, மற்றவை அதற்கேற்ப மாறியபின் இன்றியமையாததாகிவிடலாம். பழைய பாகம் ஒன்று உதிர்ந்துபோகலாம். வேறு வேலை செய்துகொண்டிருந்த பாகம் இந்த வேலைக்கு வந்து சேரலாம்.

முதல் வழியை மரபியலர் ஹெர்மன் முல்லர் 1918-லேயே எழுதிவிட்டார். படிப்படியான மாற்றம் நடந்தால் இப்படி ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் அமைப்புகள் உருவாகும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. பரிணாமம் எதிர்பார்க்கும் ஒன்றையே பரிணாமத்துக்கு எதிரான சான்றாக வைக்க முடியாது.

இது வெறும் வாய்ப்பேச்சா, ஆய்வகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஜோ தார்ன்டன் குழு 2012-இல் வெளியிட்ட ஈஸ்ட் ஆய்வு எங்கள் பார்வையில் இந்த விவாதத்தின் மிகச் சிறந்த சோதனை.

செல்லின் அறைகளை அமிலமாக்கும் ஒரு புரதப் பொறி உண்டு. அதிலுள்ள வளையம் விலங்குகளில் இரண்டு வகைப் புரதங்களால் ஆனது. பூஞ்சைகளில் மூன்று வகை; மூன்றில் எதை நீக்கினாலும் பொறி நின்றுவிடும். பிஹியின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தும். இன்றைய பல உயிரினங்களின் வரிசைகளை ஒப்பிட்டு, பிரிவதற்கு முன்பிருந்த மூதாதைப் புரதத்தின் வரிசையைக் கணித்து, அந்த மரபணுவைச் செயற்கையாகச் செய்து, இன்றைய ஈஸ்ட்டில் இரண்டு புரதங்களை நீக்கிவிட்டு அதைப் போட்டார்கள். ஈஸ்ட் வளர்ந்தது. பழைய ஒன்று புதிய இரண்டின் வேலையையும் செய்தது.

அப்படியென்றால் மூன்றாவது எப்படி இன்றியமையாததாயிற்று? ஒரு மரபணு இரட்டிப்பானது. அந்தப் புரதத்துக்கு வளையத்தில் பல பக்கத்து வீட்டார். ஒரு நகல் ஒரு பக்கத்தோடு ஒட்டும் திறனை இழந்தது. மற்றது வேறு பக்கத்தோடு ஒட்டும் திறனை இழந்தது. ஒன்றில்லாமல் மற்றது நிற்க முடியாத நிலை. மூதாதைப் புரதத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரே ஒரு பழைய சடுதிமாற்றத்தைப் புகுத்தியே இந்த நிலையைத் திரும்ப உண்டாக்கிக் காட்டினார்கள். புதிய திறன் எதுவும் வரவில்லை. இழப்பினாலேயே சிக்கல் கூடியது.

பாக்டீரியாவின் கசையிழை? அதுதானே அவர்களுடைய முதல் சான்று?

ஆம். பாக்டீரியா நீந்துவதற்கு உதவும் இழை; சுழலும் அச்சு, தாங்கி, கொக்கி, வால் எல்லாம் கொண்ட மோட்டார் அது. படத்தைப் பார்த்தால் யாருக்கும் வியப்பு வரும். வியப்பதில் தவறும் இல்லை.

பிளேக் பாக்டீரியா உட்படப் பல கிருமிகளிடம், நம் செல்களுக்குள் நச்சுப் புரதத்தைச் செலுத்தும் ஊசி போன்ற கருவி உண்டு. அதன் அடிப்பகுதிப் புரதங்கள் கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களுக்கு உறவு. ஆகவே கசையிழையின் ஒரு பகுதி மட்டும் தனியாக நின்று வேறு உருப்படியான வேலை செய்யும். இதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஊசிக்கருவியே கசையிழையிலிருந்து பின்னர் கிளைத்தது என்றுதான் மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. ‘ஊசிதான் கசையிழையின் தாத்தா’ என்று எழுதுபவர்கள் இதில் சறுக்குகிறார்கள்.

2015-இல் வெளிவந்த இன்னொரு சோதனை. சூடோமோனாஸ் ஃப்ளோரெசன்ஸ் பாக்டீரியாவில் கசையிழையை முடுக்கிவிடும் தலைமை மரபணுவை நீக்கினார்கள், நீந்த முடியவில்லை. சுற்றியுள்ள உணவு தீர்ந்தபோது நகர முடிந்ததுதான் பிழைக்கும் என்ற நிலை. 96 மணி நேரத்துக்குள் கசையிழை திரும்பியது. நைட்ரஜன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வேறொரு புரதம் இரண்டு சடுதிமாற்றங்களில் அந்தத் தலைமை வேலைக்கு மாறிக்கொண்டது. கசையிழையின் பாகங்கள் முன்பே இருந்தன. புதிதாக வந்தது இணைப்பு மட்டும். ‘நான்கு நாளில் கசையிழை பரிணமித்தது’ என்ற தலைப்புகள் மிகை.

கசையிழை இல்லாத பாக்டீரியாவை 10,000 தலைமுறை வளர்த்துப் பார்க்கலாம் என்றார்களே?

பிஹியே முன்வைத்த சோதனை அது. நீந்தினால் ஆதாயம் என்ற நெருக்கடியில் வளர்த்து, கசையிழையோ அதற்கு இணையான வேறு அமைப்போ வந்தால் தம் கருத்து பொய்யாகும் என்றார். சோதனையைப் பெயர் சொல்லிக் குறித்தது பாராட்டத்தக்கது. 2005-இல் டோவர் வழக்கில் (கீழே பார்க்க) நீதிமன்றத்தில் கேட்டபோது, அதைத் தாம் செய்யவில்லை என்றும் சொன்னார்.

அமைப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. 10,000 தலைமுறை என்பது பாக்டீரியாவுக்கு நான்கைந்து ஆண்டு; ஒரு குடுவையில் இருப்பது பல கோடி செல்கள். இயற்கையில் நடந்ததாகச் சொல்லப்படுவது கோடிக்கணக்கான ஆண்டுகளில், கடலும் மண்ணும் நிறைந்த தொகையில். குடுவையில் கசையிழை வராவிட்டால் பரிணாமக் கருத்து எதையும் இழக்காது. அது அங்கே வரும் என்று யாரும் கணிக்கவில்லை. வடிவமைப்புக் கருத்துக்கும் அதனால் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. ஒரு விடை வந்தால் மட்டும் பேசும் சோதனை அரைச் சோதனைதான்.

நீண்ட காலப் பாக்டீரியா சோதனை எதைக் காட்டியது?

ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரே ஈ. கோலை வகையிலிருந்து 12 கூட்டங்கள். லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளுகோஸ் மட்டும் உள்ள திரவம், 37 டிகிரி. தினமும் 0.1 மில்லியை எடுத்து 9.9 மில்லி புதுத் திரவத்தில் விடுவார்கள். நூறு மடங்கு பெருகி நிற்க ஆறே முக்கால் தலைமுறைக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைப்பார்கள். அந்த உறைபெட்டியில்தான் இதன் உயிர் இருக்கிறது: பழைய காலத்தை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

அந்தத் திரவத்தில் சிட்ரேட்டும் உண்டு. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலை அதைத் தின்னாது. அந்த இனத்தை அடையாளம் காண்பதற்கே அது ஒரு குறி. ஏறக்குறைய 31,500-ஆவது தலைமுறையில் ஒரு கூட்டம் தின்னத் தொடங்கியது. குடுவை கலங்கியதைப் பார்த்து, வேறு பாக்டீரியா புகுந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மரபணு அடையாளங்களைப் பார்த்து அந்தச் சந்தேகத்தை நீக்கினார்கள். பிறகு உறைந்த மூதாதைகளை எடுத்து மறுபடி ஓட்டினார்கள். 20,000-ஆவது தலைமுறையிலோ அதற்குப் பின்னரோ எடுத்த மூதாதைகளிலிருந்து மட்டுமே இத்திறன் திரும்ப வந்தது. முன்பே வேறு மாற்றங்கள் வழி அமைத்திருந்தன என்று பொருள். முக்கியமான அடி, சுமார் 3,000 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு இரட்டிப்பானது, அதனால் சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு, ஆக்சிஜன் இருக்கும்போதும் வேலை செய்யும் ஒரு விசையின் கீழ் வந்து அமர்ந்தது.

இதை இரு தரப்பும் தமக்கு ஏற்றபடி நீட்டுகிறார்கள். முற்றிலும் புதிய மரபணு எதுவும் தோன்றவில்லை என்று வடிவமைப்புத் தரப்பு சொல்வது சரி. பல அடிகள் தேவைப்படும் புதிய திறன், வழிநடத்தல் இல்லாமல் வந்தது என்று மறுதரப்பு சொல்வதும் சரி. 2016-இல் வடிவமைப்புக் கருத்தின் ஆதரவாளரான ஸ்காட் மின்னிக்கின் ஆய்வகமே, சிட்ரேட்டைத் தின்றால்தான் பிழைப்பு என்ற நேரடி நெருக்கடியில் 12 முதல் 100 தலைமுறைக்குள் இத்திறன் வருவதைக் காட்டியது. அது அரிய அதிசயம் அல்ல என்று காட்ட அவர்கள் விரும்பினார்கள். ஆனால் விரைவாக வருகிறது என்றால், இயற்கைத் தேர்வு எளிதாகச் செய்கிறது என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

இரத்தம் உறைவது பற்றிய வாதம்?

காரணிகள் எனப்படும் பல புரதங்கள் ஒன்றையொன்று முடுக்கிவிட்டுத்தான் இரத்தம் உறைகிறது; தொடக்கத்தில் இரண்டு கிளைகள், பிறகு அவை ஒன்றாகச் சேரும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் உறையாது என்பது பிஹியின் வாதம். திமிங்கிலங்களிலும் டால்ஃபின்களிலும் 12-ஆம் காரணி இல்லை, இரத்தம் உறைகிறது. பஃபர் மீனில் 12-ஆம் காரணி உள்ள தொடக்கக் கிளையின் பல காரணிகள் இல்லை. தம் வாதம் இரு கிளைகளும் சேரும் இடத்துக்குப் பின்னால் உள்ள பகுதிக்கே என்று பிஹி தொடக்கத்திலேயே வரம்பிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் நொதிகளும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவையே. மரபணு இரட்டிப்பில் அதைத்தான் எதிர்பார்ப்போம்.

பிஹி சொன்னது எதுவுமே சரியாக வரவில்லையா?

வந்தது. மலேரியா ஒட்டுண்ணி குளோரோகுயின் மருந்தை எதிர்க்கக் குறைந்தது இரண்டு மாற்றங்கள் சேர்ந்து தேவைப்படும் என்று 2007-இல் வாதிட்டார். 2014-இல் ஒட்டுண்ணியின் கடத்திப் புரதத்தைத் தவளை முட்டைச் செல்களில் வைத்துப் பார்த்த ஆய்வு, மருந்தைச் சிறிதளவு கடத்தவே இரண்டு மாற்றங்கள் வேண்டும் என்று கண்டது. அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி.

அவர் அதிலிருந்து கட்டிய கணக்குதான் நிற்கவில்லை. 10-இன் 20-ஆம் அடுக்குக்கு ஒன்று என்ற எண்ணை எடுத்து, இரட்டை மாற்றம் அவ்வளவு அரிது என்று கொண்டார். அந்த எண், எதிர்ப்புத்திறன் உலகில் எத்தனை முறை தோன்றிப் பரவியது என்பதிலிருந்து பின்னோக்கிப் போட்ட மதிப்பீடு. தோன்றி அழிந்தவை அதில் கணக்கில் வராது. அதே 2014 ஆய்வு, முழுத் திறனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிப்படியான பாதைகள் இருப்பதையும் கண்டது.

நிகழ்தகவே இல்லை என்று பெரிய பெரிய எண்கள் காட்டுகிறார்களே?

டெம்ப்ஸ்கியின் வரம்பு 10-இன் 150-ஆம் அடுக்கு. பிரபஞ்சத்தின் துகள்கள் (10-இன் 80-ஆம் அடுக்கு), ஒரு நொடியில் நடக்கக்கூடிய மாற்றங்கள் (45-ஆம் அடுக்கு), நொடிகள் (25-ஆம் அடுக்கு) ஆகியவற்றைப் பெருக்கினால் வருவது. இதைவிட அரிதானது தற்செயலாக நடக்காது என்கிறார். வரம்பில் குறையில்லை. அதோடு ஒப்பிடும் எண்ணில்தான் குறை. பாகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குருட்டுத்தனமாக வந்து சேர்ந்தால் என்ன நிகழ்தகவு என்று கணக்கிடுகிறார்கள். அப்படி நடந்ததாகப் பரிணாமவியலர் யாரும் சொல்லவில்லை.

வடிவமைப்புத் தரப்பின் டக்ளஸ் ஆக்ஸ் 2004-இல் சொன்ன 10-இன் 77-ஆம் அடுக்குக்கு ஒன்று என்ற எண் வேறு வகை. அது உண்மையான ஆய்வகச் சோதனை. ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும் ஒரு நொதியின் வலுவிழந்த வடிவத்தை எடுத்து, சில இடங்களைத் தாறுமாறாக மாற்றி, எத்தனை தப்பின என்று பார்த்து, அதிலிருந்து முழு நீளத்துக்கும் விரித்தார். ஒரே வடிவத்தைச் சுற்றியுள்ள இடத்தை அளந்ததுதான் இதன் எல்லை. வேறு வடிவங்களில் அதே வேலை செய்பவை கணக்கில் இல்லை. கீஃப், ஷோஸ்டாக் இருவரும் 2001-இல் எதிர்த்திசையிலிருந்து போனார்கள். 80 அமினோ அமில நீளத்தில் 6 லட்சம் கோடி தாறுமாறான புரதங்களை உண்டாக்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறோடு ஒட்டுபவற்றைத் தேடினார்கள். நான்கு குடும்பங்கள் கிடைத்தன. 10,000 கோடியில் ஒன்று என்று மதிப்பிட்டார்கள். ஒட்டுவது எளிது, வினைபுரிவது கடினம். எனவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ‘எந்த வேலை, எத்தனை நீளம், எங்கிருந்து தொடங்கினார்கள்’ என்ற மூன்றும் இல்லாமல் ஓர் எண்ணைக் காட்டினால் நம்பாதீர்கள்.

தொல்லியலாளர்கள் கல்லைப் பார்த்தே ‘மனிதர் செய்தது’ என்கிறார்கள். உயிரியலில் மட்டும் ஏன் கூடாது?

நல்ல கேள்வி. வடிவமைப்புத் தரப்பின் வலுவான கேள்வியும் இதுதான்.

1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்துக் கைக்கோடரி என்று சொன்னார். அழகான வடிவம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அடித்த இடத்தில் எழும் குமிழ், அலை அலையான உடைவு, இருபுறமும் மாறி மாறிச் செதுக்கிய தழும்புகள், இவை எல்லாம் தெரிந்த கைகளின் தெரிந்த வேலை. நாமே கல்லை உடைத்துப் பார்த்து ஒப்பிடலாம். செய்தவர் யார், எதற்காக, எதைக் கொண்டு என்ற கேள்விகளைத் தொல்லியலாளர் விடுவதில்லை; தேடிப்போகிறார்.

வடிவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பிரேசிலின் செர்ரா டா கபிவாரா காட்டில் கபுச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் அடித்து உடைக்கின்றன. சிதறும் சில்லுகள் ஆதி மனிதரின் சில்லுகளைப் போலவே இருப்பதாக 2016-இல் வெளியிட்டார்கள். அந்தச் சில்லுகளைக் குரங்குகள் பயன்படுத்துவதே இல்லை. வானியலிலும் இப்படித்தான்: 1967-இல் ஜோசலின் பெல் 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வந்த துடிப்பைப் பிடித்தபோது ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். சுழலும் நியூட்ரான் விண்மீன் அது.

டி.என்.ஏ.யிலும் வடிவமைப்பைக் கண்டுபிடிக்க முடிகிறது. 2010-இல் கிரெய்க் வெண்டர் குழு செயற்கையாகச் செய்த சுமார் 10.8 லட்சம் எழுத்து ஜீனோமில் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ.) நான்கு இடங்களில் பெயர்களையும் மேற்கோள்களையும் சங்கேதமாகப் பொதிந்தார்கள். படிக்க முடிகிறது, ஏனென்றால் பொதிந்தவர்களின் சங்கேத முறை தெரியும்.

‘குப்பை டி.என்.ஏ. குப்பை அல்ல’ என்று முன்பே சொன்னது வடிவமைப்புத் தரப்புதானே?

வெளிப்படையான வேலை எதுவும் தெரியாத டி.என்.ஏ. பகுதிகளுக்கு வைத்த பெயர் ‘குப்பை’. அவற்றுக்கும் வேலை உண்டு என்று சொன்னார்கள், அது சோதிக்கக்கூடிய கணிப்பு. 2012-இல், ஜீனோமின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று தேடிய என்கோட் திட்டம், மனித ஜீனோமின் 80 சதவீதம் ஏதோ ஒரு வேதிச் செயலில் ஈடுபடுகிறது என்று வெளியிட்டதும் கணிப்பு பலித்ததாகக் கொண்டாடினார்கள். ஒரு புரதம் வந்து ஒட்டுவதையும் ‘செயல்’ என்று அங்கே எண்ணியிருந்தார்கள். உயிருக்குத் தேவை என்பது அதற்குப் பொருள் அல்ல.

வெங்காயத்தை வைத்துப் பாருங்கள். மனித ஜீனோம் ஏறக்குறைய 310 கோடி எழுத்து. வெங்காயத்துக்குச் சுமார் 1,600 கோடி. பஃபர் மீனுக்கு 40 கோடி. உட்ரிகுலேரியா கிப்பா என்ற பூச்சி பிடிக்கும் செடி வெறும் 8.2 கோடியோடு பூத்துக் காய்க்கிறது. ஒவ்வோர் எழுத்தும் தேவை என்பவர், வெங்காயத்துக்கு நம்மைவிட ஐந்து மடங்கு ஏன் தேவை என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கண்ணின் விழித்திரை தலைகீழாக இருப்பது மோசமான வடிவமைப்பு அல்லவா?

ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால் நரம்புகள் நிற்பதைத்தான் தலைகீழ் என்கிறார்கள். இந்த வாதத்தைக் கைவிடுவதே நல்லது என்போம். ‘நல்ல வடிவமைப்பாளர் இப்படிச் செய்யமாட்டார்’ என்பது, அவர் மனம் நமக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. எதிர்த்தரப்பு செய்யும் அதே தவறு. தவிர, விழித்திரையின் முல்லர் செல்கள் ஒளியைக் குழாய்போல் கடத்துவது 2007-இல் தெரியவந்தது. ‘மோசம்’ என்று சொன்னது அவ்வளவு மோசமாக இல்லை.

இதைவிடப் பல மடங்கு வலுவானவை பகிர்ந்துகொண்ட பழுதுகள். வைட்டமின் சி செய்யும் கடைசி நொதியின் மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. குரங்குகளிடமும் மனிதக் குரங்குகளிடமும் அதே பழுது. லெமூர்களிடம் நல்ல நிலையில் இருக்கிறது. கினிப்பன்றியிடமும் உடைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக. பொது மூதாதை என்ற கருத்து இதைத்தான் எதிர்பார்க்கும். நமக்கு 46 குரோமோசோம், சிம்பன்சிக்கு 48. அப்படியானால் எங்கோ இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவே, முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய எழுத்து வரிசை தலையோடு தலை முட்டி நிற்கிறது; ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய மையம் (சென்ட்ரோமியர்), செயலிழந்த இரண்டாவதாகவும் இருக்கிறது. இது பொது மூதாதைக்குச் சான்று. பிஹிக்கு எதிரான சான்று அல்ல. அவர் அதை ஏற்பவர்.

பரிணாமமும் நடந்து முடிந்த கதைதானே? அதை மட்டும் எப்படிச் சோதிப்பது?

தோண்டுவதற்கு முன் எங்கே, எந்த வயதுப் பாறையில் என்று சொல்லிவிட்டுத் தோண்டலாம். நீல் ஷூபின் குழு அப்படித்தான் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் 1999 முதல் தேடி, 2004-இல் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்ற, துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்புள்ள மீனைக் கண்டது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. 2010-இல் போலந்தில் அதைவிடப் பழைய காலடித் தடங்கள் வெளியாயின. எனவே அது நேர் மூதாதை அல்ல, அந்தக் கட்டத்தின் பிந்தைய உறவினர் என்று திருத்திக்கொண்டார்கள். சான்று வந்தால் கால வரிசை நகர்கிறது என்பதும் சோதனைக்கு உட்பட்டதன் அடையாளம்.

டோவர் வழக்கில் தீர்ப்பாகிவிட்டதே?

பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பில் அறிவார்ந்த வடிவமைப்பைக் குறிப்பிடும் அறிக்கையை வாசிக்கச் சொன்னது. 11 பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில் அது அறிவியல் அல்ல, அரசுப் பள்ளியில் கற்பிப்பது அமெரிக்க அரசியலமைப்புக்கு எதிரானது என்றார். பள்ளியில் எதைக் கற்பிக்கலாம் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யலாம். இயற்கையில் எது நடந்தது என்பதை அது முடிவு செய்யாது. விவாதத்தில் இந்தத் தீர்ப்பைச் சான்றாக வைக்க வேண்டாம். அங்கே சாட்சியமாக வந்த ஆய்வுகளை வையுங்கள்.

அப்படியானால் கடவுள் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. அதே வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன பிரவுன் பல்கலைக்கழகத்தின் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். ‘இந்தப் புரதம் படிப்படியாக வந்தது’ என்பதும் ‘உலகுக்கு ஒரு காரணம் உண்டு’ என்பதும் வெவ்வேறு தளம்.

வடிவமைப்பை நேர்மையாகச் சோதிக்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

வடிவமைப்பைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் முறையை, விடை தெரிந்த மாதிரிகளில் முதலில் ஓட்ட வேண்டும். உதாரணமாக 5,000 எழுத்து நீளத்தில் நூறு டி.என்.ஏ. துண்டுகள்: கொஞ்சம் இயற்கை உயிர்களிலிருந்து, கொஞ்சம் மனிதர் கணினியில் எழுதியவை, கொஞ்சம் லென்ஸ்கியின் குடுவைகளில் மாறியவை, கொஞ்சம் எழுத்துகளை வெறுமனே குலுக்கியவை. பெயர்களை நீக்கி எண் மட்டும் இட வேண்டும். விடைத்தாள் மூன்றாம் ஆளிடம் இருக்க வேண்டும். முறையைப் பயன்படுத்துபவர், எந்த மதிப்புக்கு மேல் ‘வடிவமைப்பு’ என்று சொல்வேன் என்பதை முன்பே எழுதித் தர வேண்டும். பார்த்த பிறகு மாற்றக் கூடாது. வடிவமைக்காததை வடிவமைத்தது என்று எத்தனை முறை சொல்கிறது என்பதுதான் முதலில் எண்ண வேண்டியது.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஆய்வகத்தில் வெட்டி ஒட்டிய தழும்புகள் துண்டில் மிஞ்சியிருந்தால் முறை அந்தத் தழும்பைத்தான் கண்டுபிடிக்கும்; ஓரங்களைச் சீவிவிட வேண்டும். துண்டைப் பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்க அனுமதித்தால் சோதனை முடிந்தது. மூன்றாவது, விடைத்தாளே தெளிவாக இல்லாமல் போவது. வெண்டர் குழுவின் ஜீனோம் மனிதர் செய்ததுதான், ஆனால் சங்கேதப் பகுதிகளைத் தவிரப் பெரும்பாலும் இயற்கை மைக்கோபிளாஸ்மாவின் நகல். அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் எந்தப் பக்கம் எழுதுவது? ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு 2018-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த முறையில் வளர்த்த நொதிகளில், வேண்டிய பண்பை மனிதர் தேர்ந்தார். எழுத்துகளைத் தந்ததோ தாறுமாறான சடுதிமாற்றம். அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்று முறையை முன்வைப்பவர் எழுதித் தந்த பிறகுதான் முதல் துண்டைக் கையில் கொடுக்க வேண்டும்.